இரண்டே முக்கால் மீட்டர்

எங்கள் ஜவுளிக்கடையில் ஒரே ஒரு சரக்குக்குத்தான் தடை இருந்தது. "இல்லை" என்கிற சொல். அதை யாரும் கடைக்குள் கொண்டுவரக் கூடாது. கேட்ட நிறம் அலமாரியில் இல்லாவிட்டால் "வந்துக்கிட்டே இருக்கு" என்போம். உலகத்திலேயே அப்படி ஒரு நிறம் இல்லாவிட்டால் "நாளைக்கு வந்துரும்" என்போம். கடை முதலாளியான என் அப்பா சொல்வார்: "இல்லைன்னு சொன்னா வந்தவன் எதிர்க்கடைக்குப் போயிடுவான். வந்துரும்னு சொன்னா உட்காருவான். உட்கார்ந்தவன் வெறுங்கையோட எந்திரிச்சதா சரித்திரம் கிடையாது."

அப்பாவுக்கு இரண்டாவது சட்டம் ஒன்றும் உண்டு. வாய் எவ்வளவு வேண்டுமானாலும் நீளலாம். மீட்டர் கோல் ஒரு நூல்கூடக் குறையக் கூடாது. துணியை இழுத்துப் பிடித்து அளப்பவனை அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவார். வாய் வியாபாரத்துக்கு, கோல் சத்தியத்துக்கு என்பது அவர் கட்சி.

இந்த இரண்டு சட்டத்தையும் என்னைவிடக் கரைத்துக் குடித்தவர் என் மாப்பிள்ளை, அதாவது என் தங்கையின் கணவர். அதே கடையில் என்னோடு சேர்ந்து துணி மடித்தவர். கல்யாணத்துக்கு முந்தின நாள்வரை எங்களுக்குள் வாடா போடாதான். மறுநாளிலிருந்து மாப்பிள்ளை, மச்சான், வாங்க, போங்க. ரொம்பக் கோபமோ ரொம்பச் சந்தோஷமோ வந்தால் மட்டும் பழைய மரியாதை திரும்பும். கடைத்தெருவில் அவருக்கு "வந்துரும்" என்றே பெயர். "வந்துரும் இருக்காரா?" என்று கேட்டுக்கொண்டுதான் வாடிக்கையாளர்கள் உள்ளே வருவார்கள்.

அவருடைய கால் போனதும் அந்தச் சொல்லால்தான். அவருக்கு ஐம்பத்தெட்டு வயதானபோது, ஒரு அம்மாள் மயில்கழுத்து நிறத்தில் திரைத்துணி கேட்டாள். எங்களிடம் அது கிடையாது என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும், ஏணிக்கும் தெரியும். ஆனாலும் "மேல இருக்கும்மா, எடுத்துத் தர்றேன்" என்று ஏறினார். உச்சித் தட்டிலிருந்து துணிச்சுருளோடு சேர்ந்து இறங்கினார். இடுப்பு நொறுங்கியது. இடது கால் முழுக்க உணர்ச்சி போனது. வலது கை விரல்கள் பேருக்கு ஐந்து. அந்த அம்மாள் ஆம்புலன்ஸ் வரும்வரை கூடவே இருந்தாள், நல்ல மனுஷி. போகும்போது ஒரு கைக்குட்டை வாங்கிக்கொண்டு போனாள். அப்பா சொன்னது பொய்க்கவில்லை.

அதற்குப் பிறகு அரசாங்கம் அவருக்கு மாற்றுத்திறனாளி உதவி கொடுத்தது. அதோடு சேர்த்து ஒரு பேட்டரி நாற்காலி வண்டியும், இரவலாக. அந்த வண்டிதான் இந்தக் கதையின் உயிர்நிலை. சாயங்காலம் நாலரை மணிக்கு அவர் வண்டியில் ஏறுவார்; பக்கத்தில் என் தங்கை நடப்பாள். தெரு, பூங்கா, நூலகம், பேருந்து நிலையம், திரும்ப வீடு. தங்கச்சி ஒரு நாள் என்னிடம் சொன்னாள்: "அண்ணே, முப்பது வருஷம் இந்த மனுஷன் கடையை விட்டு இறங்கி என்கூட பத்தடி நடந்ததில்ல. இப்பத்தான் நடக்கிறாரு." நடப்பது யார் என்று நான் திருத்தவில்லை. அவள் சிரிக்கிற இடத்தில் இலக்கணம் பார்க்கக் கூடாது.

அவருக்கு எழுபத்தொன்று நடக்கும்போது அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. ஓய்வூதிய வயதைத் தாண்டிய எல்லாருக்கும் மறுமதிப்பீடு. தொலைபேசியில் கேள்வி கேட்பார்கள்.

"எதுக்கு மச்சான் இது?" என்றார்.

"வயசானா சிலருக்குப் பல்லு விழுந்து முளைக்குமாம். அதுமாதிரி கால் ஏதாவது முளைச்சிருக்கான்னு பார்க்கறாங்க மாப்ள."

போன் வந்த காலை நான் அங்கேதான் இருந்தேன். நாலு வீடு தள்ளித்தான் என் வீடு. அவர்கள் வீட்டு டீ என் வீட்டு டீயைவிட நன்றாக இருக்கும். மாப்பிள்ளை கட்டிலில் உட்கார்ந்திருக்க, தங்கச்சி அவர் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தாள். போனில் ஒரு பெண் குரல். நல்ல மரியாதையான, வாடிக்கையாளர் குரல். அவ்வளவுதான், என் மாப்பிள்ளையின் முதுகு நிமிர்ந்தது. பதின்மூன்று வருஷமாக மடித்து வைத்திருந்த கடைக்குரல் வெளியே வந்தது.

"ஐயா, நீங்க துணையில்லாம ஐம்பதடி நடக்க முடியுமா?"

"ஐம்பது என்னம்மா ஐம்பது? நூறாப் போட்டுக்கங்க!"

"படி ஏறுவீங்களா?"

"எத்தனை படி வேணும்?"

"சட்டைப் பொத்தான் நீங்களே போட்டுக்குவீங்களா?"

"ஒரே நிமிஷம்மா!" என்றார். தங்கச்சியின் கை மூன்றாவது பொத்தானில் நின்றது. அவள் என்னைப் பார்த்தாள். நான் டீயைப் பார்த்தேன்.

கடைசியில் அந்தப் பெண் "நன்றிங்க ஐயா" என்று முடிக்கப் போனபோது இவர் "வேற ஏதாவது பார்க்கறீங்களாம்மா?" என்று கேட்டதுதான் சிகரம்.

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். நுணலும் தன் வாயால் கெடும் என்றும் அதே ஜனங்கள்தான் சொல்லி வைத்திருக்கிறார்கள். பத்தாம் நாள் இரண்டாவது பழமொழி தபாலில் வந்தது. "தங்கள் உடல்நிலையில் ஏற்பட்டுள்ள குறிப்பிடத்தக்க முன்னேற்றத்தைக் கருத்தில் கொண்டு" உதவி நிறுத்தப்படும். வண்டி அடுத்த மாதம் முப்பதாம் தேதி திரும்ப எடுத்துக்கொள்ளப்படும். ஆட்சேபம் இருந்தால் நேரில் மதிப்பீட்டுக்கு வரலாம்.

தங்கச்சி கடிதத்தை இரண்டு முறை படித்தாள். பிறகு அதை மடித்து அவர் சட்டைப் பையில் வைத்தாள்.

"முன்னேற்றமாம். நாளையிலேருந்து பொத்தான் நீங்களே போட்டுக்கங்க. ஒரே நிமிஷம்தானே?"

"இல்…" என்று சொல்லவந்தவர், 'இ'யைத் தாண்டியதும் வழக்கம்போல் பேச்சைத் திருப்பி, "அதாவது, அந்தப் பொண்ணு நல்லாக் கேட்டுச்சு. வாடிக்கை மாதிரி. மனசு வரல" என்றார். அந்தச் சொல்லின் வாலைக்கூட அவர் முழுசாக வெளியே விடமாட்டார்.

அன்று சாயங்காலமும் அவர்கள் பூங்காவுக்குப் போனார்கள். ஆனால் தங்கச்சி வண்டியின் கைப்பிடியை விடாமல் பிடித்துக்கொண்டு நடந்தாள், யாரோ அப்போதே பிடுங்க வருகிறமாதிரி. அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு விளையாட்டு விட்டது.

நேர்மதிப்பீட்டுக்கு ஒரு வாரம் இருந்தது. நான் பயிற்சி கொடுத்தேன். தங்கச்சியின் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, சாப்பாட்டு மேஜைக்கு அந்தப் பக்கம் அதிகாரியாக உட்கார்ந்தேன்.

"ஐயா, படி ஏற முடியுமா?"

மாப்பிள்ளை வாயைத் திறந்தார். மூடினார். நெற்றி வேர்த்தது. "இப்போதைக்கு… ஸ்டாக்கு… வந்துரும்."

"கால் எப்ப மாப்ள வரும்? அடுத்த லாரியிலயா?"

"நாக்கு வரமாட்டேங்குது மச்சான். அம்பது வருஷப் பழக்கம். அந்த வார்த்தையைச் சொன்னா மாமா படத்துலேருந்து எறங்கி வந்து அறைவாருன்னு தோணுது." சுவரில் என் அப்பா படத்துக்குள்ளிருந்து முறைத்துக்கொண்டுதான் இருந்தார்.

எனக்கு ஒரு யோசனை வந்தது. வியாபாரியின் மூளை அல்லவா, கோணல் வழியில் வேகமாக ஓடும். "மாப்ள, நீங்க விக்கிற பக்கம் உட்கார்ந்துட்டீங்க. அதான் தப்பு. வாங்குற பக்கம் வாங்க. மொத்த வியாபாரி கிடங்குக்குப் போயிருக்கீங்க. சரக்கு உங்க உடம்பு. எப்படிக் குறை சொல்வீங்க?"

முகம் பூத்தது பாருங்கள்! கொள்முதலில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. புது வெல்வெட்டைத் தொட்டுவிட்டுக் கரித்துணி என்று நிரூபிப்பார். "இதெல்லாம் ஒரு காலா?" என்று ஆரம்பித்தார். "எத்தனை வருஷமாக் கிடங்குல கிடந்தது? இடுப்பைப் பாரு, நெசவே கோணல். கண்ணா? ரெண்டும் சாயம் போச்சு. காது டமாரம். ஞாபகம் சுத்தமா…"

"போதும்!" சமையலறையிலிருந்து தங்கச்சி வந்தாள். "உங்க கண்ணு ஊசியில நூல் கோக்கும். காது எதிர்வீட்டுச் சண்டையைக் கேட்டு எனக்கு வந்து சொல்லும். போன்ல நூறு மடங்கு ஏத்திச் சொன்னீங்க. இப்ப நூறு மடங்கு இறக்கிச் சொல்றீங்க. அண்ணே, நீயெல்லாம் ஒரு வாத்தியாரா? என் கண்ணாடியைக் கழட்டு."

கழற்றினேன்.

"இருக்கறதை இருக்கற மாதிரிச் சொல்ல இந்த வீட்டுல ஒரு ஆம்பளைக்கும் வராதா?" என்று கேட்டாள்.

மதிப்பீட்டு நாளன்று காலை நாங்கள் கிளம்பும்போது அவள் கையில் செய்தித்தாளில் சுற்றிய நீளமான பொருள் ஒன்று இருந்தது. கேட்டதற்கு "குடை" என்றாள். மழைக்கு அறிகுறியே இல்லாத நாள்.

அலுவலகம் ஒரு பழைய கட்டடத்தின் தரைத்தளம். வாசலில் காவலாளி அந்தப் பொட்டலத்தைப் பிரிக்கச் சொன்னார். உள்ளே இருந்தது எங்கள் கடையின் மீட்டர் கோல். இரண்டு முனையிலும் பித்தளைப் பூண், நடுவில் மாப்பிள்ளையின் கைபட்டுப் பட்டுப் பள்ளமான இடம்.

"என்னம்மா இது? கம்பெல்லாம் உள்ள விடக் கூடாது."

"இதால அவரு யாரையும் அடிச்சதில்ல. அளந்தது மட்டும்தான்" என்றாள். அவள் சொன்ன தோரணையில் காவலாளி கதவையும் திறந்துவிட்டார்.

காத்திருக்கும் கூடத்தில் நாற்காலிகளைத் தரையோடு திருகி வைத்திருந்தார்கள், உட்கார வந்தவர்கள் தூக்கிக்கொண்டு ஓடிவிடுவார்கள் என்கிறமாதிரி. ஓடக்கூடியவர் யாரும் அங்கே இல்லை. எங்கள் எண் இருபத்தெட்டு. கூப்பிட்டார்கள். மாப்பிள்ளை வண்டியை ஓட்டிக்கொண்டு உள்ளே போனார், நாங்கள் பின்னால்.

அதிகாரி ஐம்பது வயதுப் பெண்மணி. மேஜைமேல் கணினி, ஆறிப்போன காபி, நூல் கட்டிய பேனா. காலையிலிருந்து இருபத்தேழு பேரின் வலியைக் கேட்ட களைப்பு முகத்தில் இருந்தது. எல்லாம் ஒழுங்காகத்தான் போயிருக்கும், ஜன்னலில் அந்தத் திரை மட்டும் தொங்காமல் இருந்திருந்தால்.

"மேடம், அந்தத் திரை யாரு தச்சது?" என்றார் மாப்பிள்ளை, உள்ளே நுழைந்த உடனே. "நாலு விரல் கம்மி. வெயில் கீழ வழியா உள்ள வருது பாருங்க."

அதிகாரி திரும்பிப் பார்த்தார். "ஆமா, மத்தியானம் காலெல்லாம் எரியுது. எத்தனை தடவை எழுதிக் குடுத்துட்டேன். யாரும் கண்டுக்கல."

போச்சு. அதிகாரி வாடிக்கையாளர் ஆகிவிட்டார். மாப்பிள்ளையின் முதுகு நிமிர்வதை என் கண்ணால் பார்த்தேன். கடைக்குரல் தொண்டைக்கு வந்துவிட்டது. அதிகாரி கணினிப் பக்கம் திரும்பிக் கேட்டார்:

"சரிங்க ஐயா. எந்திரிச்சு, அந்தக் கதவுவரைக்கும் நடந்து காட்ட முடியுமா?"

"ஓ! பேஷா!"

நான் கண்ணை மூடிக்கொண்டேன். வண்டி போயே போச்சு என்று நினைத்தேன். திறந்தபோது என் தங்கை தரையில் உட்கார்ந்திருந்தாள். மீட்டர் கோலை அவர் கால் நுனிக்கு நேராகத் தரையில் வைத்து, ஒரு கையால் அழுத்திப் பிடித்திருந்தாள்.

"என்னம்மா பண்றீங்க?" என்றார் அதிகாரி.

"அளக்கறேன் மேடம். இவரு வாயால சொல்றது வேற. கோல்ல சொல்றது வேற." பிறகு மாப்பிள்ளையை நிமிர்ந்து பார்த்தாள். குரல் இறங்கியது. "நடங்க. நான் அளக்கறேன். இழுத்துப் பிடிக்காம நடங்க."

மாப்பிள்ளை கோலைப் பார்த்தார். முகத்திலிருந்து கடைச்சிரிப்பு மெல்ல இறங்கியது. அந்த இடத்தில் வேறொரு முகம் வந்தது. துணி வெட்டும்முன் கத்தரியைப் பிடித்தபடி ஒரு கணம் நிற்பாரே, அந்த முகம். எழுந்தார். ஒரு கை சுவரில், ஒரு கை வண்டியில் செருகியிருந்த ஊன்றுகோலில். வலது கால் போனது. இடது கால் இழுபட்டுப் பின்னால் வந்தது.

"ஒண்ணு" என்றாள் தங்கச்சி. கோலைப் புரட்டி அடுத்த மீட்டருக்கு வைத்தாள்.

அவர் மூச்சு எனக்குக் கேட்டது. வலது, இழுப்பு. வலது, இழுப்பு. நூல் கட்டிய பேனா மேஜை விளிம்பில் ஆடிக்கொண்டிருந்தது.

"ரெண்டு."

மூன்றாவது மீட்டரின் பாதியில் அவர் ஊன்றுகோல் நடுங்கியது. இன்னும் ஒரு இழுப்பு. அங்கே நின்றுவிட்டார். சுவரில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டார். நான் வண்டியைத் தள்ளிக்கொண்டு ஓடினேன். உட்காரும்போதும் அவர் கண் தரையிலிருந்த கோலில்தான்.

அதிகாரி நல்ல மனுஷி. மாப்பிள்ளை சிரமப்பட்டதைப் பார்த்து, மரியாதைக்குத்தான் சொன்னார்: "பரவாயில்லைங்க ஐயா. மூணு மீட்டர்னு போட்டுக்கறேன்."

மாப்பிள்ளை தலையைத் தூக்கினார். என் அப்பா கடையில் நாற்பது வருஷம் கோல் பிடித்தவர். கால் மீட்டரை ஒருத்தர் சும்மா சேர்த்துப் போடுவதா?

"எப்படி மேடம் மூணு வரும்? கோலைப் பாருங்க. ரெண்டே முக்கால்."

"கொஞ்சம்தானே வித்தியாசம்…"

"கொஞ்சமா! கால் மீட்டர் தப்பினா ஒரு சட்டைக்குக் கையே கிடையாது மேடம். ரெண்டே முக்கால் எழுதுங்க. அதுக்கு மேல என்கிட்ட…" நின்றார். நாக்கு உதட்டுக்கு வந்து திரும்பியது. தங்கச்சி தரையிலிருந்து எழவேயில்லை. கோலைப் பிடித்தபடி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அதுக்கு மேல என்கிட்ட இல்ல."

சொல்லிவிட்டார். ஐம்பது வருஷத்தில் அந்த வாயிலிருந்து அந்தச் சொல் முழுசாக வந்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. கூரை இடிந்து விழவில்லை. என் அப்பா எங்கிருந்தும் இறங்கி வரவில்லை. வந்திருந்தாலும் எந்தச் சட்டத்தின் பேரில் அறைவார்? கோல் சரியாக இருந்ததே.

அதிகாரி கணினியைப் பார்த்தார். "ஆனா போன்ல நூறடின்னு சொல்லியிருக்கீங்க?"

"அது வாய் மேடம். இது அளவு."

"பொத்தான் ஒரே நிமிஷம்னும் இருக்கு."

"அப்ப எனக்குப் பொத்தான் போட்டுக்கிட்டிருந்தது இவதான்." வண்டியை மேஜைக்கு ஓட்டிவந்து கையை அதன்மேல் வைத்துக் காட்டினார். அந்த விரல்கள் பேனாவைத் தள்ளத்தான் செய்தன, எடுக்கவில்லை.

"படி ஏறுவீங்களா?"

"இல்ல."

"தனியாக் குளிக்க முடியுமா?"

"இல்ல." புதுச்செருப்புப் போட்டவன் தெருவை இரண்டு சுற்று சுற்றி வருவானே, அந்த மாதிரி அவருக்கு அந்தச் சொல் பிடித்துப் போய்விட்டது. முகம் மலர்ந்துகொண்டே வந்தது.

"கடிதம் வந்தா நீங்களே படிச்சுக்குவீங்களா?"

"இல்ல!"

தங்கச்சி அவர் தொடையில் கிள்ளினாள். நல்ல வேளை, வலது தொடை. "ஆ! படிப்பேன், படிப்பேன். கண்ணாடிகூட வேண்டாம். ஒரு ருசியில வந்துருச்சு மேடம், அந்தப் பதிலை அடிச்சிருங்க."

அதிகாரி கோப்பு ஒன்றை எடுத்து முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டார். கோப்பு குலுங்கியது. அது இறங்கியபோது காலையிலிருந்த களைப்பில் பாதி போயிருந்தது.

"வேற ஏதாவது சொல்லணுமாங்க ஐயா?"

"அந்தத் திரைக்கு மேடம், மயில்கழுத்து நிறத்துல ஒரு துணி போட்டா…"

"வாங்க போலாம்" என்றாள் தங்கச்சி.

பதில் வர மூன்று வாரம் ஆனது. அந்த மூன்று வாரமும் வீட்டில் ஒரே ரகளை. கற்றுக்கொண்ட சொல்லை அவர் சும்மா விடவில்லை. காப்பீடு விற்க வந்தவருக்கு "இல்ல." இரவல் கேட்ட பக்கத்து வீட்டாருக்கு "இல்ல." நான் இரண்டாவது டீ கேட்டபோதும் "இல்ல மச்சான்." ஐம்பது வருஷம் பாக்கி வைத்ததை எல்லாம் மொத்தமாகப் பைசல் செய்கிறமாதிரி. தங்கச்சி மட்டும் வாசலில் தபால்காரர் சைக்கிள் மணி கேட்டால் வேலையை நிறுத்திவிடுவாள். சாயங்காலம் நடக்கும்போது கைப்பிடியிலிருந்து அவள் கை இன்னும் எடுபடவில்லை.

கடிதம் வந்தபோது மணி நாலே கால். அவரே பிரித்தார், பல்லால்தான். அவரே படித்தார், கண்ணாடி போடாமல்.

"உதவி தொடரும்" என்றார். "வண்டி உங்ககிட்டயே இருக்கும். அடுத்த பத்து வருஷத்துக்கு மறுமதிப்பீடு…" கடிதத்தைத் தூக்கிப் பிடித்தார். உலகத்துக்கே கேட்கிறமாதிரிப் படித்தார்: "இல்லை!"

"பார்த்தீங்களா மச்சான், அவங்களுக்கும் சொல்ல வந்துருச்சு!"

"பத்து வருஷ கியாரண்டி குடுத்திருக்காங்க மாப்ள. எண்பத்தொண்ணு வரைக்கும் சரக்கு கெடக் கூடாது, ஞாபகம் வச்சுக்கங்க."

தங்கச்சி எழுந்தாள். உள்ளே போனாள். முகம் கழுவுகிற சத்தம் கொஞ்சம் அதிக நேரமே கேட்டது. வெளியே வந்தபோது நல்ல உடை உடுத்தியிருந்தாள். "நாலரை ஆச்சு. வரீங்களா, தனியாப் போகட்டுமா?"

அன்று என்னையும் கூப்பிட்டார்கள். மாப்பிள்ளை வண்டியில், ஒரு பக்கம் தங்கச்சி, ஒரு பக்கம் நான். அவள் கை கைப்பிடியில் இல்லை, இரண்டு கையையும் வீசிக்கொண்டு நடந்தாள். மீட்டர் கோலை வண்டியின் முதுகில் கட்டியிருந்தார். இனி அது இல்லாமல் வெளியே போவதில்லையாம். நூலகம் தாண்டியதும் அவர்கள் முன்னால் போய்விட்டார்கள். நான் விளம்பரப் பலகை ஒன்றைப் படிக்கிற சாக்கில் நின்றேன். அது என்ன விளம்பரம் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. என் வலது முட்டி இரண்டு வருஷமாக ஒரு தனிக்கட்சி.

வண்டி திரும்பி வந்தது.

"என்ன மச்சான், முட்டி வலிக்குதா?"

"எனக்கா? முட்டியா? சேச்சே!" என் முதுகு தானாக நிமிர்ந்தது. "பேருந்து நிலையம் என்ன, அதுக்கு அந்தப் பக்கம் இன்னும் ரெண்டு ஊர் இருந்தாலும் நடப்பேன் மாப்ள!"

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தங்கச்சி வண்டியின் பின்னாலிருந்து கட்டை அவிழ்த்தாள். கோலைக் கொண்டுவந்து என் கால் நுனிக்கு நேராக, நடுத்தெருவில் வைத்தாள்.

மாப்பிள்ளை வண்டியில் சாய்ந்து உட்கார்ந்தார். பழைய மரியாதை திரும்பி வந்தது.

"நடடா பார்ப்போம்."